மஞ்சப்பைக்குள் ஒரு வீடு

எங்கள் அம்மா வீட்டில் முக்கியமான காகிதம் எல்லாம் ஒரு மஞ்சப்பைக்குள் இருக்கும். விளக்குத்தூண் பக்கம் தீபாவளிக்குச் சேலை எடுத்தபோது கடையில் கொடுத்த பை. கைப்பிடி இரண்டு தடவை அறுந்துபோய் நான்தான் மிஷினில் கொடுத்துத் தைத்தேன். உள்ளே ரேஷன் கார்டு, ஆதார் அட்டைகள், இரண்டு பாஸ்புக், தம்பியின் அடையாள அட்டை, அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகள், ஒரு கவர் நிறைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, மனு கொடுத்த ரசீதுகள். ஆறேழு வருடமாக எங்களுக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த அத்தனையும் அந்தப் பைக்குள் இருக்கிறது.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகிற ரோட்டில், செக்கானூரணி தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஜாக்கெட் தைப்பது, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது என் தொழில். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீடு அடுத்த தெரு. அங்கே அம்மாவும் தம்பியும் மட்டும். தம்பிக்கு 36 வயது, பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். ஆக, இரண்டு பேரையும் பார்த்துக்கொள்வது நான்தான். எங்கள் மாதிரி வீடுகளிலிருந்து யாராவது ஒருத்தர் வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்து, "அரசாங்க உதவியெல்லாம் நீ எப்படி வாங்கினே, எனக்கும் சொல்லு" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

2019 வைகாசியில் ஒரு விடியற்காலை, மல்லிகைப்பூ எடுக்கப் போன தோட்டத்திலேயே அம்மா விழுந்துவிட்டாள். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு வாய் கோணிவிட்டது. 108-ல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பிரஷர் மாத்திரையை எப்ப நிறுத்துனாங்க?" எனக்கு அவள் நிறுத்தியதே தெரியாது. நாலு மாதம் ஆகியிருந்தது. பூவை வெயில் ஏறுவதற்குள் எடுத்தாக வேண்டும், அப்போதுதான் மொட்டாக மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும். சுகர், பிரஷருக்கு மாத்திரை கொடுப்பதும் காலை நேரம்தான். மாத்திரைக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அவள் கூலியைப் பார்த்தாள், மாத்திரையை விட்டாள். ஊரில் பாதிப் பேர் கதை இதுதான். விழுந்தவர்களை மட்டும்தான் நமக்குத் தெரிகிறது.

அதற்கப்புறம் இரண்டரை வருடம் என் பாடு. மாதம் ஒரு தடவை அம்மாவை ஆட்டோவில் தூக்கி உட்கார வைத்து மாத்திரைக்குக் கொண்டு போக வேண்டும். போக வர 300 ரூபாய், எனக்கு அரை நாள் தையல் போகும். தம்பியைத் தனியாக விட முடியாது, அவனும் கூட வருவான். அவனுக்கு அது திருவிழா.

2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதை டிவியில் பார்த்தோம். "அங்கிட்டுல்ல வருது, நமக்கென்ன" என்றாள் அம்மா. மறு வருடம் நமக்கும் வந்தது. வந்தவள் வேற்றாள் இல்லை, மகளிர் குழுவில் என்னோடு கடன் வாங்கிய பெண். சுகாதாரத் தன்னார்வலர் என்று பயிற்சி கொடுத்து, பிரஷர் பார்க்கிற கருவியும் சுகர் பார்க்கிற கருவியும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் தெருவில் அவளுக்கு ‘மாத்திரைக்காரப் புள்ள’ என்று பெயர். இந்தத் திட்டத்துக்கு 2024-ல் ஐ.நா. விருது கிடைத்த செய்தியை அவளிடம் சொன்னேன். "விருத வச்சு என்னக்கா பண்ண, ஒரு சைக்கிள் குடுத்தாகன்னா நல்லாருக்கும்" என்றாள்.

அவள் வந்ததில் எனக்கு மிச்சமானது 300 ரூபாயும் அரை நாளும் மட்டும் இல்லை. அம்மா நேருக்கு நேர் பேச ஒரு ஆள் கிடைத்தது. ‘மாத்திரை ஒழுங்காப் போட்டியா’ என்று நான் கேட்டால் முறைப்பாள். அந்தப் பெண் கேட்டால் காலி அட்டையை எடுத்துக் காட்டுவாள்.

ஆனால் இதில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் புது அட்டை வந்தது. பழைய மாத்திரை வட்டமாக இருக்கும், புதுசு நீளமாக இருந்தது. வேறு மாத்திரை கூடச் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்து, மிச்சமிருந்த பழையதையும் புதியதையும் சேர்த்தே கொடுத்தேன். நாலாம் நாள் அம்மா எழுந்திருக்க முடியாமல் தலை சுற்றிக் கட்டிலிலேயே சாய்ந்தாள். இரண்டிலும் இருந்தது அம்லோடிபின் என்கிற அதே பிரஷர் மருந்துதான், கம்பெனி மட்டும் வேறு. அன்றிலிருந்து நிறத்தையும் வடிவத்தையும் நம்புவதில்லை. அட்டையின் பின்னால் உள்ள மருந்துப் பெயரை என் பையன் எழுத்துக்கூட்டிப் படிப்பான், நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். புது அட்டை வந்தால் பழைய அட்டையை எதிரில் வைத்து, "இது அதுவா, இல்லை கூடுதலா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன். பழைய அட்டையை முழுதும் தீர்கிற வரை எறிவதில்லை.

பிசியோதெரபி பார்க்கிறவர் ஒருவரும் வந்தார். ஒன்றியம் முழுக்கச் சுற்ற வேண்டியவர், எங்கள் ஊருக்கு அவர் முறை எப்போதாவதுதான் வரும். பந்தை அமுக்கச் சொன்னார். அம்மா அமுக்காமல் பூனை மேல் எறிந்தாள். இரண்டாவது தடவை அவர் வந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. அவர் கையை எப்படிப் பிடிக்கிறார், எத்தனை தடவை மடக்குகிறார் என்பதையெல்லாம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டேன். அவரே, "நல்லா எடுங்கக்கா" என்று மெதுவாகச் செய்து காட்டினார். அடுத்து அவர் வருகிற வரை அந்த வீடியோவைப் போட்டு நானும் தம்பியும் செய்துவிட்டோம். தம்பிக்கு எண்ணத் தெரியாது, ஆனால் வீடியோவில் குரல் நிற்கிற இடத்தில் சரியாக நிறுத்திவிடுவான். அம்மா இப்போது சுவரைப் பிடித்துக் கொல்லைக்குப் போகிறாள். வாரக்கணக்கில் இடைவெளி விட்டு வருகிறவரை நம்பி உட்கார்ந்திருந்தால் அது நடந்திருக்காது. வந்தவரிடமிருந்து கற்றுக்கொண்டதில்தான் நடந்தது.

இன்னொன்று, இதற்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்துக் காலைச் சாப்பாடு. 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் ஆரம்பித்தார்கள். மறு வருடம் ஆகஸ்டில் எல்லா ஊர் அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்தது. என் பையன் அப்போது ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் மூணாப்பு. பிள்ளைகள் பசியோடு இருக்கக் கூடாது என்றுதான் அந்தத் திட்டம். எனக்கு அது என்ன செய்தது தெரியுமா? காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை என் கையைக் காலியாக்கிக் கொடுத்தது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் அம்மாவைக் குளிப்பாட்டுகிறேன். முன்பு வாரத்துக்கு இரண்டு நாள்தான் குளியல், அப்புறம் தினமும். முதுகில் புண் வரப் பார்த்தது, வராமல் நின்றது. அம்மாவுக்குப் படுக்கைப் புண் வராததற்குக் காரணம் பள்ளிக்கூடத்து ரவா உப்புமா என்று எந்த ஆபீசர் எழுதுவார்?

நான் சொல்ல வருவது இதைத்தான். உதவி எல்லாம் ஆளுக்கு ஆள் தனித்தனியாக வருகிறது. கிழவிக்கு ஒரு இலாகா, மாற்றுத்திறனாளிக்கு ஒரு இலாகா, பிள்ளைக்கு ஒரு இலாகா, பெண்ணுக்கு ஒரு இலாகா. ஆனால் வீடு ஒன்றுதான். அதில் மாட்டிக்கொண்டு நிற்கிற ஆளும் ஒன்றுதான். ஒரே வருடத்தில் எங்கள் வாசலுக்கு ஐந்து பேர் வெவ்வேறு கணக்கெடுக்க வந்தார்கள். ஐந்து பேரும் கேட்டது அதே பெயர், அதே வயது, அதே ஆதார் எண். அதில் ஒருத்தி உலக வங்கிக் கடனுதவியில் நடக்கிற ‘உரிமைகள்’ திட்டத்துக்காக மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுக்க வந்த பெண். டேப்லெட்டில் எழுதிக்கொண்டே, "இனிமே எல்லாம் ஒரே இடத்துல கிடைக்கிற மாதிரி ‘விழுதுகள்’னு சென்டர் வருதுக்கா" என்றாள். பயிற்சி, பேச்சுச் சிகிச்சை, உபகரணம் எல்லாம் ஒரே கூரையில். நல்ல யோசனைதான். அது எங்கள் பக்கம் வந்து நிற்கிற வரைக்கும் எங்களுக்கு ஒரே கூரை இந்த மஞ்சப்பைதான்.

சரி, பைக்குள் இருக்கிற காகிதத்துக்கு வருவோம். எல்லாத் திட்டமும் முட்டி நிற்கிற இடம் பெயர்தான். எங்கள் பக்கம் ஒச்சம்மாள் என்று பெயர் வைத்தவளை ஒச்சாயி என்றுதான் கூப்பிடுவார்கள், இல்லையா? அந்த மாதிரி அம்மாவுக்கும் இரண்டு பெயர். ரேஷன் கார்டில் ‘அம்மாள்’, ஆதாரில் ‘ஆயி’. பாஸ்புக்கில் ஆதார் மாதிரியே. தம்பிக்கோ பழைய அடையாள அட்டைப் புத்தகத்தில் கூப்பிடுகிற பெயர், ஆதாரில் தாத்தா பெயர் சேர்த்த நீளப் பெயர். நமக்கு இது இரண்டு ஆள். கம்ப்யூட்டருக்கு நாலு ஆள்.

முதலில் நான் ஆதாரை மாற்றப் போனேன். அதற்கு ஆதாரம் கேட்டார்கள், ஆதாரம் ரேஷன் கார்டு, அதில் பிறந்த தேதி வேறு. இப்படியே மூன்று மாதம் சுற்றினேன். கடைசியில் இ-சேவை மையத்தில் இருந்த பையன்தான் புத்தி சொன்னான்: "ஆதாரும் பாஸ்புக்கும் ஒண்ணா இருக்குல்லக்கா, அத ரெண்டையும் தொடாதீங்க. பணம் போற வழி அது. மத்ததை எல்லாம் அதுக்குத் தகுந்த மாதிரி மாத்துங்க." ரேஷன் கார்டில் பெயர் திருத்தம் ஆன்லைனிலேயே கேட்டு வாங்கினோம். யாராவது வந்து கேட்டால் இப்போது முதலில் இதைத்தான் சொல்கிறேன். எந்தத் திட்டத்துக்கும் மனு எழுதுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளில் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும் ஒவ்வொரு அட்டையிலும் எப்படி இருக்கிறது என்று எழுத்து பிசகாமல் எழுதிப் பாருங்கள். இனிஷியல் உட்பட. சண்டை எங்கே வரும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

பணம் போகிற வழி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் எல்லாருக்கும் வந்தது, எனக்கு மெசேஜே வரவில்லை. வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், கரண்டு வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு முதியோர் பணம் வருவதால் என்னைத் தள்ளிவிட்டார்களோ என்று நானே முடிவு கட்டி இரண்டு நாள் அழுதேன். அம்மா கார்டு வேறு, என் கார்டு வேறு என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. பார்த்தால், நூறு நாள் வேலைக்காக எப்போதோ தொடங்கி மறந்துபோன கணக்குக்குப் போயிருந்தது. ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் பணம் போகும், நாம் மனுவில் எழுதிக்கொடுத்த கணக்குக்கு இல்லை. மனு போடுவதற்கு முன்னாலேயே எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்னை மாதிரி அழ வேண்டாம்.

தம்பி விஷயம்தான் பெரிது.

அவனுக்குச் சின்ன வயதில் கொடுத்த புத்தகத்தில், அந்தக் காலத்து வழக்கப்படி, ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று எழுதியிருக்கும். நாடு முழுக்க ஒரே மாதிரி கொடுக்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான புது யு.டி.ஐ.டி. கார்டுக்கு மறுபடி சோதனைக்குப் போனோம். ஒரு மேடம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். பத்து ரூபாயில் ஏழு ரூபாய் போனால் மிச்சம் எவ்வளவு? சிரித்தான். இன்றைக்கு என்ன கிழமை? சிரித்தான். வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்ற ஒவ்வொரு பஸ்ஸும் எங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தான். போர்டு படிக்கத் தெரியாது, ஆனால் ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. அதைக் கேட்க அந்தத் தாளில் கட்டம் இல்லை. அந்த மேடத்தைக் குறை சொல்லவில்லை, பொறுமையான மனுஷி. ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். சோதனைக்குப் போகும்போது அவனால் என்ன முடியும் என்று சொல்லிப் பெருமைப்படக் கூடாது. எதை எல்லாம் நாம் கூட இருந்து செய்துவிடுகிறோம் என்பதைத்தான் சொல்ல வேண்டும். சட்டைப் பட்டன், சவரம், தண்ணீர் சூடா என்று பார்ப்பது, ராத்திரி கதவைத் திறந்துகொண்டு போகாமல் படுத்துக் காவல் இருப்பது. தாய்க்கு இதைச் சொல்ல வாய் வராது. அக்காவாக இருந்ததால் நான் சொன்னேன், சொல்லிவிட்டு வந்து பஸ்ஸில் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மஞ்சள் கார்டு வந்தது. 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40-லிருந்து 80-க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம். அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் இருந்தாலே மாற்றுத்திறனாளிகள் நலத் துறையில் பராமரிப்பு உதவித்தொகை கேட்கலாம். 1,500 ஆக இருந்தது, இப்போது 2,000. ஊரில் ஒரு பெரிய மனுஷர், "தாலுகா ஆபீஸ்லயும் ஒரு பென்ஷன் இருக்கு, அதுக்கும் போட்டு வை" என்றார். போடாதீர்கள். ஒரு ஆளுக்கு இரண்டில் ஒன்றுதான். தெரியாமல் இரண்டும் வாங்கினால் பின்னால் கண்டுபிடித்து நிறுத்தும்போது இரண்டுமே கொஞ்ச காலம் நின்றுபோகும். பக்கத்து ஊரில் அப்படி நின்ற வீட்டை எனக்குத் தெரியும்.

உதவித்தொகை வந்தது, எடுக்க முடியவில்லை. தம்பி கணக்கு அம்மாவோடு சேர்ந்த கணக்கு. அம்மா கைதான் விழுந்துவிட்டதே. ரேகை மிஷினில் அவள் இடது கை விரலும் விழவில்லை, களை பறித்துப் பறித்துத் தேய்ந்துபோயிருந்தது. ஒரு வங்கிக் கிளையில் நாலு தடவை என்னைத் திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாவது தடவை புதிதாக வந்த மேனேஜர்தான், "இவருக்கு 18 வயசு தாண்டிருச்சும்மா. அம்மாவே ஆனாலும் சட்டப்படி கார்டியன்னு ஒரு சர்டிபிகேட் வேணும்" என்றார். நான் நினைத்திருந்தது, பெற்றவள் இருக்கிற வரை பெற்றவள், அப்புறம் நான் என்று. சட்டத்தில் அப்படி இல்லை. 18 முடிந்துவிட்டால் அவன் தனி ஆள்.

அதற்கு வழி 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம். புற உலகச் சிந்தனையற்றவர்கள் (ஆட்டிசம்), மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்கள், இவர்களுக்குப் பாதுகாவலர் நியமிக்க மாவட்டத்துக்கு ஒரு குழு இருக்கிறது, கலெக்டர்தான் தலைவர். கோர்ட்டுக்குப் போக வேண்டாம், வக்கீல் வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு, தம்பிக்கு நான் பாதுகாவலராக விண்ணப்பம் கொடுத்தேன். கூடப் பிறந்தவர்கள் சம்மதக் கடிதம் கேட்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

அண்ணனுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஏன் தங்கச்சி, வீட்ட எழுதி வாங்கப் போறியா?" என்றார்.

மூன்று சென்ட் இடம். அதில் ஓட்டு வீடு. நான் போனை வைத்துவிட்டேன். ஒரு மாதம் பேசவில்லை. வீட்டுக்காரர், "நமக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு, விட்டுரு" என்றார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தாள்.

அந்த நல அலுவலகத்தில் இருந்த ஒரு சார் சொன்ன விவரம்தான் காப்பாற்றியது. பாதுகாவலர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் அவனுக்கு என்னென்ன சொத்து இருக்கிறது என்று பட்டியல் கொடுக்க வேண்டும். வருடா வருடம் வரவு செலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும். இஷ்டத்துக்கு விற்க முடியாது. பொங்கலுக்கு அண்ணன் வந்தபோது அந்தப் படிவத்தையே கையில் கொடுத்தேன். "அண்ணே, கணக்கு நான் கலெக்டர் கமிட்டிக்குக் குடுக்கணும். நம்பிக்கை இல்லைன்னா நீங்களே ஆகுங்க, அவன திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போங்க." படித்தார். தம்பி அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவரிடமே நீட்டினான், வழக்கமாக எல்லாரிடமும் செய்கிற விளையாட்டுதான். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டார். சர்டிபிகேட் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. இப்படிப் பிள்ளை உள்ள வீடுகளுக்கு நான் சொல்வது, அம்மா அப்பா நடமாட்டமாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். சொந்தபந்தத்தில் சம்மதம் கேட்பதாக இருந்தால் போனில் கேட்காதீர்கள், படிவத்தோடு நேரில் போங்கள். அதே சட்டத்தின் கீழ் ‘நிராமயா’ என்று ஒரு லட்சம் வரைக்கும் மருத்துவக் காப்பீடு இருக்கிறது, அதையும் கேட்டு வாங்குங்கள். எனக்கு யாரும் தானாகச் சொல்லவில்லை.

மனு கொடுப்பதில் ஒரு சின்ன விஷயம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர் நாள் என்று எல்லாரும் ஓடுகிறோம். வாசலில் மனு எழுதித் தருகிறவர்கள் அழகாக எழுதுவார்கள், ‘பரம ஏழையாகிய நான்’ என்றுதான் ஆரம்பிக்கும். அந்த வரியால் ஒன்றும் ஆகாது. எந்தத் தேதியில் எங்கே கொடுத்த மனு, எண் என்ன, எதற்காக நிற்கிறது, இந்த மூன்றும் முதல் பத்தியில் இருந்தால் போதும். 2025-ல் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம் நடந்தபோது பதினைந்து இலாகாவும் வரிசையாக மேசை போட்டிருந்தார்கள், 45 நாளில் பதில் என்றார்கள். பாதிப் பேர் மனுவைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமலே சாம்பார் சாதம் எங்கே என்று தேடிப் போனார்கள். ரசீது எண் இருந்தால்தான் 1100-க்குப் போன் போட்டு, ‘என் மனு எங்கே நிற்கிறது’ என்று கேட்க முடியும். எண் இல்லையென்றால் நாம் மனுவே கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இனி ரேஷன். இதைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. மிஷினில் அம்மா ரேகை விழாததால், பதிலுக்கு ஆள் வாங்கிக்கொள்ள எழுதிக் கொடுத்து நான்தான் வாங்கி வந்தேன். நான் என்றால் நானும் தம்பியும். அரிசிப் பையைத் தலையில் வைத்துத் தூக்கி வருவது அவன் வேலை. ஊரில் அவனுக்கென்று இருந்த ஒரே வேலை அதுதான். கடையில் நிற்கிற பெண்கள் எல்லாம், "என்னடா மாப்ள, இன்னிக்கு எத்தன கிலோ?" என்று கேட்பார்கள். "நூறு" என்பான். எதைக் கேட்டாலும் நூறுதான்.

2025 ஆகஸ்டில் ‘தாயுமானவர்’ திட்டம் வந்தது. ஆரம்பத்தில் 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் வீடு தேடி வந்தது, மாதம் இரண்டாவது சனி, ஞாயிறு. அம்மா கார்டில் உள்ள இரண்டு பேரும் அதில் அடக்கம். வண்டி வந்தது, தராசு வந்தது, மிஷின் வந்தது, வாசலிலேயே நிறுத்துக் கொடுத்தார்கள். அம்மா கட்டிலில் இருந்தபடியே, "சீனிய இன்னொரு தடவ நிறுத்துக் காட்டச் சொல்லு" என்றாள். எனக்கு எவ்வளவு நிம்மதி! அன்று சாயங்காலம் தம்பி காலிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். "போலாமா, போலாமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ராத்திரி சாப்பிடவில்லை.

அவனுக்காக வந்த உதவிதான். அவன் வேலையைப் பறித்துவிட்டது. யார் மேல் தப்பு? யார் மேலும் இல்லை. நடக்க முடியாத எத்தனையோ பேருக்கு அது வரம். ஆனால் உதவி என்று வருகிற எதையும் வாங்குவதற்கு முன்னால், அது இவன் கையிலிருந்து எதை எடுக்கிறது என்று ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும் போல. அடுத்த மாதம் கடைக்காரரிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்தேன். வண்டி தெருமுக்கில் நிற்கும். அங்கேயிருந்து எங்கள் வீட்டுக்கும், எங்கள் வரிசையில் உள்ள இரண்டு கிழவிகள் வீட்டுக்கும் பையைத் தூக்கி வருவது தம்பி. வண்டியில் வருகிறவர்களுக்கும் அது வசதி, சந்துக்குள் வண்டி திரும்பாது. கிழவிகள் ஆளுக்கு ஒரு முறுக்கு கொடுக்கிறார்கள். வண்டி வருகிற நாள் எது என்று அவனுக்கு எப்படித் தெரிகிறதோ, காலையிலேயே தலை சீவி நிற்கிறான்.

பராமரிப்புத் தொகைக்கு வருடம் ஒரு தடவை ஆள் உயிரோடு இருக்கிறார் என்று வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். மறந்தால் பணம் நின்றுவிடும், அதனால் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். போன மாதம் போனோம். வி.ஏ.ஓ. புதிதாக வந்தவர், தம்பியைத் தெரியாது. தலை நிமிராமல் எழுதிக்கொண்டே, "ஆள் உயிரோட இருக்காராம்மா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், மஞ்சப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்படியில் நின்றிருந்தவன் சத்தமாகச் சொன்னான்: "இங்கிட்டு இருக்கேன்ல!"